தினத்துக்கும் போட ஒரு கம்மல்

கல்யாணத்தன்று மங்கம்மா போட்டிருந்த கம்மல் அவளுடையது அல்ல, அண்ணி லட்சுமியம்மாளுடையது. மறுவீட்டு விருந்து முடிந்து பாரூரிலிருந்து கிளம்பும் நேரத்தில் அண்ணி அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். உள்ளங்கையை நீட்டினாள். மங்கம்மா திருகாணிகளைக் கழற்றி இரண்டு கம்மலையும் அந்தக் கையில் வைத்தாள். துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று வேப்பங்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டு, புருஷன் பின்னால் வண்டி ஏறினாள்.

புருஷன் பெயர் திம்மராயன். தளிக்குப் பக்கத்தில் சொந்த நிலம், கிணறு, ஓட்டு வீடு எல்லாம் இருந்தன. மூத்த சம்சாரம் வெங்கடம்மாள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. குடிக்க மாட்டான், சீட்டைத் தொட மாட்டான், யாரையும் குரல் உயர்த்திப் பேச மாட்டான் என்று தரகர் சொன்னார். அத்தனையும் நிஜமாகவே இருந்தது. வரப்பில் நின்று ஆளை அதட்டும் வழக்கம்கூட அவனுக்கு இல்லை.

ஏரித் தண்ணீரும் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்த மங்கம்மாவுக்குத் தளிப் பக்கம் எல்லாமே புதிது. வெயில் ஏறிய பிறகும் பனி விலகாது. தெருவில் கன்னடம், புருஷன் வீட்டுச் சொந்தக்காரர்கள் வந்தால் தெலுங்கு. அவர்கள் சிரிக்கும்போது அவளும் சிரித்துவைப்பாள். கழனியில் உருளைக்கிழங்கு, கோசு, சாமந்தி என்று அவள் கைபடாத பயிர்கள். குளிரில் அவள் நடுங்குவதைப் பார்த்துத் திம்மராயன் கருப்புக் கம்பளி ஒன்று வாங்கி வந்து, அவனே தோளில் போர்த்திவிட்டான். அண்ணன் வீட்டில் அப்படி ஒருவரும் செய்ததில்லை. நாம் அதிர்ஷ்டக்காரிதான் என்று மங்கம்மா நினைத்துக்கொண்டாள்.

கோயில் பண்டிகையில் ஒருத்தி அவள் காதைக் காட்டிக் கன்னடத்தில் என்னமோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கம்போல மங்கம்மாவும் சிரித்தாள். திம்மராயன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "உன் காதுல குச்சி இருக்குதுன்னு சிரிக்கறாங்க. நாளைக்கு ஓசூர் போறோம்," என்றான்.

"அக்காவோட நகை ஏதாச்சும்..." என்று அவள் இழுத்தாள்.

"அதெல்லாம் அவ பொறந்த வீட்டுக்குப் போயிடுச்சு."

மறுநாள் பஸ்ஸில் கூட்டம். சந்தை நாள். ஓசூர்க் கடைத்தெருவின் கோடியில் இருந்தது நஞ்சுண்டாச்சாரியின் பட்டறை. தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். ஆச்சாரி கரியடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்திருந்தார்.

திம்மராயன் வாசலிலேயே நின்றுகொண்டான். "ஆச்சாரி, நம்ம வீட்டுக்காரி. நல்ல ஏழுகல்லா, பெருசாப் பார்த்துக் காட்டுங்க. நான் மண்டிக்குப் போயி உருளைக்கெழங்கு எடுத்துட்டு வந்துடறேன்."

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே முதலில் ஒன்றும் புலப்படவில்லை. ஆச்சாரி சிவப்புத் துணியை விரித்து, செய்து வைத்திருந்த ஜோடிகளை ரோஜாத் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். ஏழுகல் கம்மலை அவளிடம் நீட்டிவிட்டுக் கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினார்.

மங்கம்மா குச்சிகளை உருவிவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி தெரிந்தாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். கற்கள் எரிந்தன. கனம் காது மடலைக் கீழே இழுத்தது.

"அது வேணாம் தங்கச்சி."

குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. அங்கே பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாவல்பழ நிறத்துப் புடவை. முந்தானையைத் தலையைச் சுற்றி, இடது கன்னம் பாதி மறையும்படி இழுத்துப் பிடித்திருந்தாள். நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம். அரைத்த மஞ்சளும் வேப்பெண்ணெயும் கலந்த வாசனை அவளிடமிருந்து வந்தது. அவளும் நகைக்கு வந்தவள்போல என்று மங்கம்மா நினைத்தாள்.

"நல்லாத்தான இருக்குது, அக்கா?"

"நல்லாருக்குது. விசேஷத்துக்குப் போட்டுக் கழட்டி வெக்கலாம். நீ தினத்துக்கும் போடத்தான எடுக்கற?"

பேசும்போது அவளுடைய வாய் திறக்கவில்லை. பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன. வார்த்தைகள் பல்லிடுக்கில் நசுங்கி வெளியே வந்தன.

"பல்லு வலியா அக்கா?"

"இப்ப வலி இல்ல." அவள் கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பளி போத்தறப்ப நூலு மாட்டும். அந்த ஊர்க் குளிருல கம்பளி இல்லாம ஆவுமா? தலை துவட்டறப்ப துண்டுல மாட்டும். மாட்டுக்குத் தண்ணி வெக்கக் குனிஞ்சா, காது உனக்கு முன்னால குனியும்."

மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவருதான் பெருசா எடுக்கச் சொன்னாரு."

"சொல்லுவாரு. காது உன்னோடது."

இப்படி யாரும் மங்கம்மாவிடம் பேசியதில்லை. புடவையானாலும் வளையலானாலும் யாரோ எடுத்துக் கொடுப்பார்கள், அவள் போட்டுக்கொள்வாள். ஏழுகல்லைக் கழற்றி வைத்துவிட்டு, துணியின் மறுகோடியிலிருந்த சின்ன ஜோடியை எடுத்தாள். மிளகு அளவு.

"இது போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணு," என்றாள் அந்தப் பெண். "துளை பெருசா இருக்குது உனக்கு. உள்ள போயிரும். சிரிச்சவங்க திரும்பவும் சிரிப்பாங்க. அந்த நடுவுல இருக்கறத எடு."

நடுவில் இருந்தது பூக்கம்மல். ஐந்து இதழும் லேசாக மேலே வளைந்திருந்தன. மங்கம்மாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அந்தப் பெண் பாயிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் குந்தினாள். ஆள்காட்டி விரலை இதழுக்குப் பின்னால் கொடுத்து, கட்டைவிரலை முன்னால் வைத்து மெல்லக் கீழே இழுத்தாள். விரல்கள் கிணற்றுக் கல்லைப்போலச் சில்லிட்டிருந்தன. மங்கம்மாவுக்குக் கழுத்து வரை சிலிர்த்தது.

"பாரு, விரலு நிக்குது. வேணாம்."

"கொழந்தை புடிச்சு இழுக்கும்னு சொல்றீங்களா? எனக்கு இன்னும் கொழந்தை இல்ல அக்கா."

"கொழந்தை இழுத்தா அப்பறம் அதுவே விட்டுடும்."

ஆச்சாரி தலையை நிமிர்த்தவில்லை. ஊதுகுழலில் காற்று சீறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணே குனிந்து துணியின் மடிப்பில் கிடந்த ஒரு ஜோடியைச் சுட்டிக் காட்டினாள். ஒற்றைச் சிவப்புக்கல். சுற்றிலும் பொன்னை வழவழப்பாகக் குமிழ்த்து, விளிம்பை உள்பக்கம் மடித்திருந்தது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரிது என்றும் சொல்ல முடியாது, சிறிது என்றும் சொல்ல முடியாது. போட்டுத் திருகியதும் மடலோடு ஒட்டிப் படிந்துகொண்டது.

அந்தப் பெண் அதையும் பிடித்துப் பார்த்தாள். விரல் வழுக்கியது. இடம் மாற்றிப் பிடித்தாள். திரும்பவும் வழுக்கியது. கீழிருந்து, பக்கத்திலிருந்து, நகத்தைக் கொடுத்து என்று எத்தனையோ தினுசாக, அவசரமே இல்லாமல் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் பல்லைத் திறக்காமல் சிரித்தாள்.

"இதுதான். கழனிக்கு உடுத்தற பழஞ்சேலைக்கும் சேரும், சந்தைக்கு உடுத்தற பச்சைச் சேலைக்கும் சேரும். தூங்கறப்பக்கூடக் கழட்டாத."

கண்ணாடியில் மங்கம்மா தன்னைப் பார்த்தாள். பெரிய வீட்டுப் பெண் போய்விட்டிருந்தாள். இது அவளேதான். குச்சி செருகியிருந்த அதே முகத்தில் இரண்டு பக்கமும் ஒரு சொட்டுச் சிவப்பு. மனசுக்கு நிறைவாக இருந்தது. "ரொம்ப நல்லாருக்குதுல்ல அக்கா?" என்று திரும்பினாள். பக்கத்தில் ஆளில்லை, பாயும் காலியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் திம்மராயன் வந்தான். வாசலில் கூலியாள் கிழங்கு மூட்டையை இறக்கினான். மங்கம்மாவின் காதைப் பார்த்ததும் திம்மராயனுடைய புருவம் சுருங்கியது.

"என்ன இது? பெருசால்ல எடுக்கச் சொன்னேன்."

"தினத்துக்கும் போட இது போதுங்க."

"அம்மா நெறையப் போட்டுப் பார்த்தாங்க," என்றார் ஆச்சாரி. "கூட வந்த அம்மாதான் எல்லாத்தையும் தள்ளிட்டு இதை எடுத்துக் குடுத்தாங்க."

"கூட யாரும் வரலியே."

"அவங்க உங்க வீட்டவங்க இல்லியா?" ஆச்சாரி மங்கம்மாவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நான் நெனச்சேன்," என்றாள் மங்கம்மா.

ஆச்சாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதும்மா. உங்க பின்னாலயேதான் உள்ள வந்தாங்க. முக்காடு போட்டுக்கினு. வாயைத் தொறக்காமப் பேசுனாங்களே."

திம்மராயன் பேரம் பேசவில்லை. எடை போடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. ஆச்சாரி சொன்னதைக் கொடுத்துவிட்டு, கூலியாளை எதிர்பார்க்காமல் மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தான். பஸ்ஸில் அவளுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தான். தளி நெருங்க நெருங்கச் சன்னல் வழியே குளிர்காற்று அடித்தது. அவன் பிடரியில் வேர்வை வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்குவதை மங்கம்மா பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "எந்தப் பக்கம் முக்காடு போட்டிருந்தா?"

"இடது பக்கம்."

அவன் பாதிக் களியில் கை கழுவினான்.

அந்த ஊர்க் குளிர் என்று அவள் சொன்னது மங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த ஊர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே. கோயிலில் சிரித்தவர்களைப் பற்றியும் சொல்லவில்லையே. அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

மறுநாள் களத்தில் அவரைக்கொட்டை உலர்த்த மாரம்மா வந்தாள். அந்த வீட்டுக் கழனியில் வெகுகாலமாகக் கூலி வேலை செய்கிறவள். மூத்தவளைப் பெரியம்மா என்றும் மங்கம்மாவைச் சின்னம்மா என்றும் கூப்பிடுவாள். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மங்கம்மாவின் காதை உற்றுப் பார்த்தாள்.

"ஏழுகல்லு எடுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. இதையா எடுத்த சின்னம்மா? நல்லதாப் போச்சு."

"ஏன் மாரம்மா, நல்லதுங்கற?"

"சும்மா சொன்னேன்."

மங்கம்மா விடவில்லை. பட்டறையில் நடந்ததைச் சொன்னாள். நாவல்பழப் புடவை, முக்காடு, பல்லைக் கடித்த பேச்சு, விரலால் பிடித்துப் பிடித்துப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாரம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மஞ்சளும் வேப்பெண்ணெயும் வாசனை அடிச்சுச்சா?"

"ஆமா."

"என் கையாலதான் தெனமும் அரைச்சுப் போட்டேன்." மாரம்மா வீட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு என்ன சொல்லியிருக்காங்க? காய்ச்சல்னுதான? காய்ச்சல் அப்பறம் வந்துச்சு. மொதல்ல காது கிழிஞ்சுச்சு. ஐயாவுக்குக் கோவம் வந்தா அடிக்கமாட்டாரு சின்னம்மா. அடிச்சிருந்தாத் தேவலை. ஏழுகல்லுக் கம்மல ரெண்டு விரலால புடிச்சுக் கிட்ட இழுத்து வெச்சுக்கினு, மெதுவாப் பேசுவாரு. கொழந்தைகிட்டப் பேசற மாதிரி. பெரியம்மா முட்டிபோட்டு, தலையைச் சாச்சுக்கினு, பேச்சு முடியறவரைக்கும் அப்படியே இருக்கும். ஒருநாள் கன்னுக்குட்டி கயித்த அத்துக்கினு பால் பூராவும் குடிச்சிருச்சு. அன்னிக்குப் பேச்சு பெருசாப் போச்சு. எடது காது ரெண்டாக் கிழிஞ்சுச்சு."

"யாரும் கேக்கலியா?"

"மாட்டுக் கொம்பு பட்டுச்சுன்னு அதுவே எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. புண்ணுல சன்னி கண்டு பல்லு கிட்டிப்போச்சு. கஞ்சித் தண்ணியப் பல்லு சந்துல ஊத்தினேன். பொட்டோட, நாவப்பழச் சேலையோட எடுத்தோம்." மாரம்மா அவரையை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தாள். "உன்கூட அதுதான் வந்துச்சா, வேற யாராச்சுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கம்மலக் கழட்டிராத."

அன்று முதல் மங்கம்மா புருஷனுடைய விரல்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மெல்லிய, நீளமான விரல்கள். சாமந்திப் பூவைக் காம்போடு கிள்ளும்போது ஓர் இதழும் உதிராது. அவன் முன்போலவே மெதுவாகப் பேசினான், கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டான். ஆனால் போர்த்தும்போது கண் மட்டும் அவள் காதில் நின்றுவிட்டு, அப்புறம் அவளைத் தாண்டி இடப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

கிழங்கு நடும் காலம் நெருங்கியது. ஒரு மத்தியானம் திம்மராயன் வெளியூர் போயிருந்தான். ஆட்களுக்குக் குழம்பு வைக்கக் காய் இல்லை. மங்கம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். கிழங்கு முழுதும் முளை விட்டிருந்தது. அழுகத் தொடங்கிவிட்டது, வீணாகப் போகிறதே என்று ஒரு கூடை அள்ளி, முளையைக் கிள்ளி எறிந்துவிட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். கிழங்கையேதான் நடுவார்கள், முளை விட்டதுதான் அதற்கு விதை என்று நெல் ஊர்க்காரிக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திம்மராயன் வந்தான். பிரிந்து கிடந்த மூட்டையைப் பார்த்தான். கூரைத் தண்ணீர் விழும் மூலையில் குவிந்து கிடந்த முளைகளைப் பார்த்தான். கத்தவில்லை. துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

"மங்கா, இங்க வா."

அவள் வந்து நின்றாள். ஓட வேண்டும் என்று தோன்றியது. முந்தானையைப் பற்றிக்கொண்டாள்.

"எங்கிருந்து வந்துச்சு இந்தக் கெழங்கு? ஓசூர்லருந்து. யாரு தோள்ல வந்துச்சு? என் தோள்ல. அறுவடைக்கு இந்தக் கழனியில என்ன இருக்கும், சொல்லு பாக்கலாம்." குரல் அவ்வளவு இதமாக இருந்தது. கை தானாகவே மேலே எழுந்தது. இரண்டு விரல்களும் அவளுடைய இடது காதுக்கு வந்து, பழகிய இடத்தைத் தேடின.

கம்மல் பிடிபடவில்லை. விரல் வழுக்கியது. பேச்சை விடாமல் அவன் மறுபடியும் பிடித்தான், மறுபடியும் வழுக்கியது. நகம் மடலில் கீறியது. மங்கம்மா கண்களை மூடிக்கொண்டாள். அப்போது மஞ்சள் வாசனை வந்தது, அதோடு வேப்பெண்ணெய். யாரோ அவள் தோளை ஒட்டி நிற்பதுபோல இடது கை முழுதும் சில்லிட்டது.

பேச்சு நின்றது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். திம்மராயன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. முகத்தில் அவள் எதிர்பார்த்த பயம் இல்லை. வெகுநாள் கழித்து ஊர் திரும்பியவன், தன் வீட்டு வாசலில் தனக்காக ஆள் காத்து நிற்பதைப் பார்த்த முகமாக இருந்தது.

"இல்ல வெங்கடம்மா," என்றான். "இல்ல, இல்ல. சும்மா பார்த்தேன்."

கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். "நீ உள்ள போ மங்கா," என்றான், அவள் பக்கம் திரும்பாமலே.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அவன் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஒரு வாக்கியம் சொல்லுவான், நிறுத்துவான். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்துவான். பிறகு மெல்லச் சிரிப்பான்.

விடிந்து அவன் கழனிக்குப் போன பிறகு மங்கம்மா இரண்டு சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். பனி இன்னும் விலகவில்லை. சாமந்திக் கொல்லையைத் தாண்டும்போது பக்கத்தில் காலடி கேட்டது. திரும்பாமலே யார் என்று தெரிந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னாலிருக்கும் வீட்டை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. நடந்துகொண்டே இருந்தாள்.

"காது எப்படி இருக்குது தங்கச்சி?"

"கீறல்தான் அக்கா."

"கீறல் ஆறிடும். எண்ணெய் வெய்யி."

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பஸ் நிற்கும் புளியமரத்தடியில் வேறு ஆள் இல்லை. மங்கம்மா துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த பாதி முகம் அழகாக இருந்தது. தன்னைவிட அவளுக்கு ரொம்ப வயசு இருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்களும் வந்துடுங்க அக்கா. அந்த வீட்டுல எதுக்கு?"

"நான் எங்க வர்றது? அடுப்புப் பத்தவெக்க ஆளில்ல அங்க."

"அவரு உங்களை என்ன செஞ்சாருன்னு மாரம்மா சொன்னா."

"ம்."

"அப்பறமும் ஏன் போறீங்க?"

"இனிமே எங்கிட்டக் கிழிக்க என்ன இருக்குது?" என்றாள். பஸ்ஸின் சத்தம் தூரத்தில் கேட்டது. அவள் மங்கம்மாவின் முந்தானையைச் சரி செய்துவிட்டாள். "நீ இருந்தா அவரு என்னை ஏறெடுத்தும் பாக்கறதில்ல தங்கச்சி. நேத்துதான் பார்த்தாரு."

பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து மங்கம்மா சன்னல் வழியே பார்த்தாள். பனிக்குள் நாவல்பழப் புடவை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முக்காட்டை எடுத்துவிட்டிருந்தாள். புதுசாக வாழப் போகிறவள் மாதிரி, தலையைக் குனிந்து, விரசாக நடந்தாள்.

பாரூரில் அண்ணிக்கு அவள் வந்தது பிடிக்கவில்லை. சேர்ந்து வாழ வழி பார் என்று அண்ணன் தினமும் சொன்னான். திம்மராயன் வந்து கூப்பிடுவான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. ஒரு வண்டிக்காரன் மூலமாக அவளுடைய பெட்டியும் கருப்புக் கம்பளியும் மட்டும் வந்து சேர்ந்தன. நல்ல புருஷனை விட்டு வந்தவள் என்று ஊர் பேசியது. காது கிழிந்த கதையை மங்கம்மா அண்ணனிடம் சொன்னாள். "உன் காது நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டான் அவன். பட்டறையில் வந்தவளைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கம்மலைத் தனக்காகத் தேர்ந்தெடுத்தாளா, புருஷனைத் திரும்ப அடைவதற்காகத் தேர்ந்தெடுத்தாளா என்று மட்டும் தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போது கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் போய்க் குடிசை போட்டுத் தங்கினார்கள். அண்ணி வீட்டுச் சோற்றைவிட மண் கூடை மேல் என்று மங்கம்மாவும் போனாள். முதலில் கழுத்து வலித்தது. பிறகு பழகிவிட்டது. ஒற்றைக் கல் கம்மலும் நரைத்த சேலையுமாகச் சுமை தூக்குகிறவளை மேஸ்திரிகள் கொஞ்சம் மரியாதையாகவே நடத்தினார்கள்.

ஒரு வெயில் காலத்தில் அங்கே மாரம்மா வந்து சேர்ந்தாள், மகனோடும் மருமகளோடும். மங்கம்மாவைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானக் கஞ்சிக்கு இருவரும் கருங்கல் குவியலின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்காரு?" என்று மங்கம்மாதான் கேட்டாள்.

"வேற கல்யாணம் பண்ணிக்கல. பொண்ணு குடுக்கறேன்னு வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டாரு. தனியாத்தான் இருக்காரு." மாரம்மா கஞ்சியைக் கலக்கினாள். "தனியான்னு நாம சொல்லிக்கறோம். சாயங்காலம் அந்தப் பக்கம் போனா பேச்சுச் சத்தம் கேக்குது. ரெண்டு பேரு பேசிக்கற மாதிரி. ஆனா அவரு குரல் மட்டுந்தான் காதுல விழுது."

"ஒடம்பு எளைச்சுட்டாரா?"

"இல்லையே."

"பயந்துக்கினு இருக்காரா?"

மாரம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். ஆற்றுமேட்டில் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அதையும் நான் பார்த்தேன் சின்னம்மா. அவரு பயப்படணும்னுதான் எனக்கும் இருந்துச்சு. ஒருநாள் கூலி வாங்கப் போனேன். உள்ளருந்து வெளிய வந்தாரு. சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, தலையில எண்ணெய் வெச்சு வழிச்சு வாரியிருந்தாரு. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. அந்த வீட்டுல இத்தனை வருஷத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் பார்த்ததே இல்ல. சந்தோஷமா இருக்காரு." அவள் மங்கம்மாவின் கையை இறுக்கினாள். "அதுக்கப்பறந்தான் நான் அங்க வேலைக்கு மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மேஸ்திரி குரல் கொடுத்தான். மங்கம்மா மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்து, சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.